மீன் தொட்டிக்கு ஹீட்டர்: எத்தனை வாட், எந்த வகை, எங்கே வைப்பது

சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் பத்து மாதம் ஹீட்டர் வேண்டியதே இல்லை. ஹீட்டர் வாங்குவது பற்றிய கட்டுரையை இப்படித் தொடங்குவது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனால் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலர் ஏதாவது வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, “லிட்டருக்கு 1 வாட்” என்ற கணக்கோடு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஹீட்டராக வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு குளிர்நாட்டு வீடுகளுக்குப் போட்டது. நம் ஊரில் அதை அப்படியே பின்பற்றினால் மீன் குளிரில் சாவதைவிட வெந்து சாகத்தான் வாய்ப்பு அதிகம். எப்படி என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

யாருக்குத்தான் ஹீட்டர் வேண்டும்? ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு போன்ற மலை ஊர்க்காரர்கள் வெப்பமண்டல மீன் வளர்த்தால் கட்டாயம் வேண்டும். ஓசூரிலும் பெங்களூரிலும் கார்த்திகை தொடங்கி மாசி வரை தேவைப்படும். கோயம்புத்தூரில் மார்கழி, தை இரண்டு மாதம் இருந்தால் நல்லது. மற்றபடி எந்த ஊராக இருந்தாலும் ஏசி ஓடும் படுக்கையறையில் தொட்டி இருந்தால் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பகலில் 31 டிகிரி இருக்கும் அறை, ராத்திரி ஏசி போட்டதும் 24-க்கு இறங்கி, காலையில் மறுபடி ஏறுகிறது. தொட்டி சின்னதாக இருந்தால் தண்ணீரும் கூடவே தினமும் இறங்கி ஏறும். சென்னை மீன்களுக்கு மார்கழிப் பனியைவிட இந்த ஏசிதான் பெரிய தொல்லை.

மீனுக்கென்று தனியாக உடல் சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ அதுதான் மீனின் சூடும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், தீனி எடுப்பது குறையும், நோய் எதிர்ப்பு தளரும். போட்ட தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சூடு சட்டென்று இறங்கிய இரண்டு மூன்று நாளில் உடம்பில் உப்புத் தூவினது போல வெள்ளைப்புள்ளி கிளம்புவதைத் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் என்றாவது பார்த்திருப்பார்கள். 25 டிகிரியிலேயே நிலையாக இருக்கும் தொட்டியில் மீன் நன்றாக இருக்கும். 24-க்கும் 30-க்கும் தினமும் போய் வரும் தொட்டியில் அதே மீன் வாடும்.

முதலில் தெர்மோமீட்டர் வாங்குங்கள்

ஹீட்டருக்குப் போகும் முன் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு தெர்மோமீட்டர். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் வகை வேண்டாம். அது தண்ணீரின் சூட்டையும் அறையின் சூட்டையும் கலந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். உள்ளே ஒட்டி வைக்கும் கண்ணாடிக் குழாய் வகையோ, ஒயரோடு கூடிய டிஜிட்டல் வகையோ போதும். டிஜிட்டல் என்பதால் துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டர் இருந்தால், ஒரு டம்ளரில் 37 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டையும் வைத்துப் பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டினால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு வாரம், தினமும் இரண்டு முறை தொட்டித் தண்ணீரின் சூட்டைக் குறித்து வையுங்கள், கூடவே அறையின் சூட்டையும். விடிகாலை ஐந்து, ஐந்தரை மணிக்கு ஒரு முறை. அதுதான் நாளின் மிகக் குளிரான நேரம். மதியம் மூன்று மணிக்கு இன்னொரு முறை. வானிலை அறிக்கையில் சொல்லும் எண் இதற்கு உதவாது. மூடியில்லாத தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், தண்ணீர் அறையைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே இருக்கும். ஏசி அறையில் காற்று உலர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

தண்ணீரின் விடிகாலை எண்ணும் மதிய எண்ணும் இரண்டு டிகிரிக்குள் இருந்து, இரண்டுமே உங்கள் மீனுக்கு ஏற்றதாகவும் இருந்தால் வேலை முடிந்தது. ஹீட்டர் வாங்கும் காசுக்கு ஒரு நல்ல மூடி செய்து போடுங்கள்.

உங்கள் மீன் எது?

எல்லா மீனுக்கும் ஒரே சூடு சரிப்படாது. பரவலாக வளர்ப்பவற்றைச் சொல்கிறேன்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஹீட்டர் வேண்டாம். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். அது குளிர்நீர் மீன், 18 முதல் 22 டிகிரி அதற்கு சுகம். சமவெளியில் அதைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதுதான் வேலை. ஊட்டிக்காரர்கள் ஹீட்டர் செலவே இல்லாமல் தொட்டி வைக்க ஆசைப்பட்டால், காமெட் போன்ற சாதாரண கோல்டு ஃபிஷ் அல்லது ஒயிட் கிளவுட் மீன் வளர்க்கலாம். அங்குள்ள குளிருக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

கப்பிக்கு 22 முதல் 28 டிகிரி. மோலிக்கு 24 முதல் 28. சென்னை கொளத்தூர் சுற்றுவட்டாரத்தில் வளர்த்து விற்கும் கப்பியும் மோலியும் நம் சூட்டுக்குப் பழகியவை. கூடத்தில் இருக்கும் தொட்டியில் அவற்றுக்கு ஹீட்டர் போடுவது வீண். ஜீப்ரா டானியோ 18 வரைகூடத் தாங்கும். நியான் டெட்ரா 20 முதல் 26-க்குள் இருந்தால் நல்லது. அதைச் சூடாக வைத்தால் ஆயுசு குறையும்.

ஃபைட்டர் மீனுக்கு 25 முதல் 28. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் இனம். கடையில் குட்டிப் பாட்டிலில் அடைத்து விற்பதால் எதையும் தாங்கும் என்ற பெயர் வந்துவிட்டது. குளிர்ந்தால் துடுப்பை ஒட்டிவைத்துக்கொண்டு அடியில் படுத்துவிடும். ஏஞ்சலுக்கும் ஃப்ளவர்ஹார்னுக்கும் 26, 28. டிஸ்கஸுக்கு 28 முதல் 30. ராம் சிக்லிட்டும் கிட்டத்தட்ட அதே ரகம். டிஸ்கஸ் வளர்ப்பவருக்கு மட்டும் சென்னையிலும் ஐப்பசி முதல் மாசி வரை ஹீட்டர் அவசியம்.

ஒரே தொட்டியில் நியான் டெட்ராவையும் டிஸ்கஸையும் போட்டுவிட்டு எத்தனை டிகிரி வைக்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. எந்த எண் வைத்தாலும் யாராவது ஒருவர் கஷ்டப்படுவார். மீனைத்தான் மாற்ற வேண்டும்.

எத்தனை வாட்?

முதலில் தொட்டியில் உண்மையாக எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 24 × 12 × 12 அங்குலத் தொட்டி என்றால் 3456. அதை 61-ஆல் வகுத்தால் சுமார் 57 லிட்டர். ஆனால் அடியில் கல் போட்டிருப்பீர்கள், மேலே ஒன்றிரண்டு அங்குலம் விட்டிருப்பீர்கள். அதற்கு 15 சதவீதம் கழித்தால் சுமார் 48 லிட்டர். 36 × 15 × 18 தொட்டியில் இதே கணக்கில் 135 லிட்டர் நிற்கும்.

அடுத்து, எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும்? நீங்கள் வைக்க விரும்பும் சூட்டிலிருந்து அறையின் மிகக் குறைந்த சூட்டைக் கழியுங்கள். அந்த விடிகாலை எழுந்தது இதற்குத்தான். மூடி போட்ட தொட்டியில் 5 டிகிரி ஏற்ற லிட்டருக்கு அரை வாட், 10 டிகிரி ஏற்ற லிட்டருக்கு 1 வாட் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். மூடி இல்லையென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். அதைவிட மூடி போடுவது மலிவு.

கோயம்புத்தூர் வீடு, மார்கழி விடிகாலையில் அறை 21 டிகிரி, தொட்டியில் ஏஞ்சல் இருக்கிறது, 26 வேண்டும் என்றால் வித்தியாசம் 5. 48 லிட்டருக்கு 25 வாட் போதும். ஊட்டியில் அறை 13 டிகிரிக்கு இறங்குகிறது, 100 லிட்டர் தொட்டியில் 25 வேண்டும் என்றால் வித்தியாசம் 12. 120 வாட் தேவை, அதாவது 150 வாட் அல்லது 75 வாட் இரண்டு. சென்னையில் 24-ல் ஏசி ஓடும் அறை, ஃபைட்டருக்கு 27 வேண்டும் என்றால் வித்தியாசம் மூன்றுதான். 30 லிட்டர் தொட்டிக்கு 25 வாட்டே தாராளம்.

“கொஞ்சம் பெரிதாக வாங்கினால் என்ன, தேவையான சூடு வந்ததும் அதுவே அணைந்துவிடுமே” என்று தோன்றும். அணையும் வரை சரி. ஹீட்டர் கெட்டுப்போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, எரியாமல் போவது. தண்ணீர் மெதுவாகக் குளிரும், ஒரு நாளுக்குள் கவனித்துவிடலாம். இன்னொன்று, அணையாமல் போவது. இதுதான் தொட்டியையே காலி செய்யும்.

கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 4186 ஜூல் வேண்டும். 48 லிட்டர் தொட்டியில் 100 வாட் ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டால் அரை மணிக்குச் சற்று மேல் ஒரு டிகிரி ஏறும். அறைக்குப் போகும் சூட்டையும் கழித்துப் பார்த்தால், ராத்திரி 27-ல் விட்டுவிட்டுத் தூங்கப் போன தொட்டி காலையில் 36-ஐத் தொட்டிருக்கும். ஏறுவது அதோடு நிற்கவும் செய்யாது. அதே தொட்டியில் 25 வாட் ஹீட்டர் அதே மாதிரி மாட்டிக்கொண்டால் ஒரு டிகிரிக்கே இரண்டே கால் மணி நேரம் பிடிக்கும். அப்புறம், அது அறையைவிட 5 டிகிரிக்கு மேல் ஏற்றவும் முடியாது. 26 டிகிரி அறையில் தண்ணீர் 31-ல் நின்றுவிடும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு நீங்கள் காபி போடலாம்.

ஆகவே நம் ஊர் நிலவரத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: கணக்கில் வருவதற்கு மிக நெருங்கிய வாட் வாங்குங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். 100 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் பெரிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் பாதி வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்று அணையாமல் மாட்டினாலும் தனியாக அதனால் தொட்டியை வேகவைக்க முடியாது. ஒன்று எரியாமல் போனாலும் இன்னொன்று ராத்திரியை ஓட்டிவிடும்.

எந்த வகை?

கடைகளில் அதிகம் கிடைப்பது கண்ணாடிக் குழாய் ஹீட்டர். உள்ளே பீங்கான் தண்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி, மேலே ஈருலோகப் பட்டை ஒன்று. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த அந்தப் பட்டை சூடேறும்போது வளையும். வளைந்தால் மின்முனை விலகி ஹீட்டர் அணையும். குளிர்ந்தால் நிமிர்ந்து மறுபடி தொடும். தலையில் இருக்கும் திருகு, பட்டை எப்போது விலக வேண்டும் என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் முனையில் ஒரு சின்னப் பொறி பறக்கும். நாளடைவில் அந்த இடம் கருகி, ஒருநாள் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன அணையாத ஹீட்டர் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. மலிவான ஹீட்டரை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடச் சொல்வதும் இதனால்தான். ஏதோ ஒரு நாள் கெடும் என்பது உறுதி, அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

திருகு இல்லாமல் 25 அல்லது 26 டிகிரிக்குக் கம்பெனியிலேயே அமைத்து வரும் சின்ன ஹீட்டர்கள் உண்டு. ஒற்றை ஃபைட்டர் தொட்டிக்குப் பரவாயில்லை. ஆனால் நோய் வந்தால் சூட்டை ஏற்றிவைக்க முடியாது. யூஎஸ்பியில் ஓடும் பத்து வாட் குட்டி ஹீட்டர்களில் பலவற்றில், தேவையான சூடு வந்ததும் அணைக்கும் தெர்மோஸ்டாட்டே கிடையாது. சொருகியிருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி முரட்டு மீன் வைத்திருப்பவர்களுக்குக் கண்ணாடி ஒத்துவராது. வாலால் ஓர் அடி விட்டால் போதும். ஸ்டீல் அல்லது டைட்டானியம் உறை போட்டது வாங்குங்கள், அல்லது கண்ணாடி ஹீட்டருக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூண்டு மாட்டுங்கள். கடல்மீன் தொட்டி என்றால் ஸ்டீலும் வேண்டாம். உப்பில் துருப்பிடிக்கும், டைட்டானியம்தான்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால், விலை அதிகமான ஹீட்டரைவிடத் தனி கன்ட்ரோலர் ஒன்றில் போடுவது நல்லது என்பேன். எஸ்டிசி-1000 என்ற மாடல் மலிவாகக் கிடைக்கிறது. பெட்டி மட்டும்தான் வரும், ஒயரிங்கை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். இங்க்பேர்ட் போன்ற கம்பெனிகளின் கன்ட்ரோலரில் பிளக்கும் சாக்கெட்டும் பொருத்தியே வரும். தண்ணீருக்குள் இருக்கும் அதன் சென்சார் சூட்டைப் பார்த்து ஹீட்டருக்குப் போகும் கரன்ட்டை விடும், நிறுத்தும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கன்ட்ரோலரை 26-ல் வைத்தால் ஹீட்டரின் திருகை 28-ல் வையுங்கள். தினசரி வேலையைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். அது என்றாவது ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் பட்டை 28-ல் நிறுத்திவிடும். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அரிது. சென்சார் ஒயரை மட்டும் நன்றாக இறுக்கிப் பொருத்துங்கள். அது நழுவித் தண்ணீருக்கு வெளியே தொங்கினால் அறையின் சூட்டைத் தண்ணீரின் சூடென்று எண்ணி ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

கடையில்

பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, உள்ளே ஈரப்பூச்சு தெரிகிறதா, ஒயர் உள்ளே போகும் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் மட்டக் கோடு போட்டிருப்பார்கள், அது தெளிவாக இருக்க வேண்டும். ஹீட்டரின் நீளத்தைத் தொட்டியின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். படுக்க வைக்கலாமா, முழுதாக மூழ்கவிடலாமா என்பது பெட்டியில் எழுதியிருக்கும். சில ஹீட்டர்களின் தலை தண்ணீருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். 230 வோல்ட் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 110 வோல்ட் ஹீட்டரை இங்கே மாட்டினால் அன்றோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியில் போட வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். நீங்கள் வைத்த எண்ணில் அணைகிறதா, விளக்கு மாறுகிறதா, குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிறதா என்பதெல்லாம் மீன் இல்லாத பக்கெட்டில் தெரிந்துகொள்வதுதான் நல்லது. திருகில் 26 என்று இருந்து தண்ணீர் 28-ல் அணைகிறதென்றால் பயப்பட வேண்டாம். மலிவான ஹீட்டர்களில் இது சகஜம். உங்கள் ஹீட்டருக்கு 24 என்றால் 26 என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திருகு ஒரு குத்துமதிப்புதான், நம்ப வேண்டியது தெர்மோமீட்டரை.

பொருத்துவது

ஃபில்டரிலிருந்து தண்ணீர் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓட்டம் ஹீட்டரைத் தழுவிப் போகிற மாதிரி வையுங்கள். ஓட்டம் இல்லாத மூலையில் வைத்தால், ஹீட்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் சூடாகி அது அணைந்துவிடும். மறுகோடி குளிர்ந்தே கிடக்கும். தெர்மோமீட்டரை எதிர்ப்பக்கம் ஒட்டுங்கள். பின்பக்கக் கண்ணாடியில், அடிக்கல்லிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே, படுக்கைவாட்டில் வைப்பது எனக்குப் பிடித்த முறை. தண்ணீர் மாற்றும்போது மட்டம் இறங்கினாலும் அது மூழ்கியே இருக்கும். படுக்க வைக்கக் கூடாத ஹீட்டர் என்றால் சாய்வாக வையுங்கள். கல்லுக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைக்கக் கூடாது. புதைந்த இடத்தில் சூடு தேங்கிக் கண்ணாடி வெடிக்கும்.

தண்ணீருக்குள் வைத்த பிறகு இருபது முப்பது நிமிடம் சும்மா விடுங்கள். கண்ணாடியும் பட்டையும் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக் பாயின்ட்டைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்கு நேர் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்திருக்கிறார்கள் பலர். பார்த்தாலே பதறும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்று மெயின் போர்டில் பாருங்கள். இல்லையென்றால் ஹீட்டருக்கு முன் அதைப் போடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொட்டிக்குள் கையை விடும் முன் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குவது சட்டம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

மீன் ஏற்கெனவே தொட்டியில் இருந்தால் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். தண்ணீர் இப்போது 22-ல் இருக்கிறது, 26 வேண்டும் என்றால் நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரி என்று இரண்டு மூன்று நாளில் கொண்டுபோங்கள். அந்த நாட்களில் காலையிலும் ராத்திரி படுக்கும் முன்பும் தெர்மோமீட்டரைப் பாருங்கள். புது ஹீட்டர் மாட்டிய உடனே வெளியூர் கிளம்புவது வேண்டாம்.

தண்ணீர் மாற்றும் நாள்

ஹீட்டர் உடைவது பெரும்பாலும் இந்த நாளில்தான். ஓடிக்கொண்டிருந்த குழாய் தண்ணீருக்கு வெளியே வரும், அதன் மேல் புதுத் தண்ணீர் ஊற்றும்போது பட்டென்று விரிசல் விடும். முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி கழித்துத் தண்ணீரை எடுக்க ஆரம்பியுங்கள். மறுபடி நிரப்பி, சற்று நேரம் விட்டுப் பிறகு போடுங்கள். போட மறந்துபோவதும் நடக்கும். ஏர் பம்பு, ஃபில்டர், ஹீட்டர் மூன்றையும் ஒரே வரிசை சுவிட்சில் வைத்திருந்தால் ஒன்று விட்டுப்போனது கண்ணில் படும்.

ஊற்றும் தண்ணீரின் சூட்டையும் பார்க்க வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், விடிகாலையில் சில்லென்று இருக்கும். ராத்திரியே பக்கெட்டில் பிடித்து அறையில் வைத்துவிட்டுக் காலையில் ஒரு சொம்பு வெந்நீர் கலந்து சமன்செய்து ஊற்றுங்கள். ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும்.

கரன்ட் பில்லும் கரன்ட் கட்டும்

பலரும் பயப்படுகிற அளவுக்கு ஹீட்டர் கரன்ட் இழுக்காது. 50 வாட் ஹீட்டர் ஒரு நாளில் பாதி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 0.6 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டில் இது பில்லில் தெரியவே தெரியாது. ஸ்லாப் எல்லையில் நிற்பவர்கள் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்காரர்களுக்குச் செலவு இதைவிடக் கூடும். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் அரை அங்குலத் தெர்மோகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் கணிசமாக மிச்சமாகும்.

கரன்ட் போனால் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், காற்றைப் பற்றிக் கவலைப்படுங்கள். 50 லிட்டர் தண்ணீர் ஓரிரு மணி நேரத்தில் பெரிதாகக் குளிர்ந்துவிடாது. ஒரு போர்வையைச் சுற்றினால் இன்னும் தாங்கும். இன்வெர்ட்டரில் ஏர் பம்பையும் ஃபில்டரையும் கொடுங்கள், ஹீட்டரைக் கொடுக்காதீர்கள். அவற்றைவிட அதுதான் பேட்டரியை அதிகம் இழுக்கும்.

நோய் வந்தால்

வெள்ளைப்புள்ளிக்குச் சூட்டை ஏற்றச் சொல்வார்கள். அதில் காரணம் இருக்கிறது. அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும் வரை மருந்து அதைத் தொடாது. வெளியே வந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். தண்ணீர் சூடாக இருந்தால் அதன் சுழற்சி வேகமாக ஓடி, சீக்கிரம் வெளியே வரும். ஆகவே நாளைக்கு ஒரு டிகிரியாக 29, 30 வரை ஏற்றி, கடையில் சொல்லும் மருந்தையோ உப்பையோ அளவாகப் போடுவார்கள். கோல்டு ஃபிஷ் மாதிரிக் குளிர்நீர் மீன்களிடம் இந்த வித்தை வேண்டாம். மற்றவற்றுக்குச் செய்யும்போதும் ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். ஏற்கெனவே செவுளில் புள்ளி வந்து மூச்சு வாங்கும் மீனுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

பங்குனி வந்ததும்

விடிகாலைத் தண்ணீர் தொடர்ந்து 27-க்கு மேல் நின்றால் சமவெளிக்காரர்கள் ஹீட்டரைக் கழற்றிவிடலாம். ஏசி அறைக்காரர்களுக்கு மட்டும் கோடையில்தான் அது வேலை செய்யும், அவர்கள் விட்டுவைக்க வேண்டும். “அதுதான் தானே அணைந்திருக்கிறதே” என்று மற்றவர்கள் சும்மா தொட்டியில் விட்டுவைப்பதில் லாபம் எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே 32-ஐத் தொடும் நாளில், ஒட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஒரு மின்முனை அதற்குள் எதற்கு?

கழற்றிய ஹீட்டரில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், போர் தண்ணீர் வீடுகளில் கெட்டியாகவே இருக்கும். ஹீட்டரின் தலையை வெளியே விட்டு, குழாயை மட்டும் சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். சோப்பு மட்டும் வேண்டாம், அதன் மிச்சம் மீனுக்கு விஷம். நன்றாக அலசி, உலர்த்தி, ஒயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக மடித்து, வாங்கிய பெட்டியிலேயே வையுங்கள். வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் பெட்டி மேல் எழுதிவிடுங்கள். கார்த்திகை பிறந்ததும் மறுபடி பக்கெட்டில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேதி மூன்று வருடத்தைத் தாண்டவில்லை என்றால் தொட்டியில் மாட்டலாம்.